மேடைப் பேச்சைப் பிரித்துப் படிப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் அரசியல் பேச்சு கேட்பவரின் எண்ணத்தை எந்த இடத்தில், எந்தச் சொல்லால் திருப்புகிறது என்று கண்டுபிடிப்பதற்கான வழிகாட்டி இது. கடந்த சில தேர்தல்களின்போது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பின்னர் அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கங்களிலும் வாசிகசாலைகளில் இளைஞர்களோடு அமர்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். புதியவர்கள் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை மனதில் வைத்தே படிகளை அடுக்கியிருக்கிறேன்.

வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, ஒன்பதாம் படியில் வரும் தகவல் சரிபார்ப்பை முதலில் செய்ய ஓடாதீர்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கூட்டத்தை முழுவதாக ஏமாற்ற முடியும். முதலிலேயே தரவைச் சரிபார்த்தவர், "எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார்" என்று நிம்மதியடைந்து கொப்பியை மூடிவிடுவார்.

விளக்கத்துக்காக ஒரு பந்தியைக் கீழே தருகிறேன். இது எவருடைய பேச்சும் அல்ல. பல கட்சிகளின் மேடைகளில் கேட்ட சாயல்களைச் சேர்த்து நானே எழுதியது.

"என் அன்பு உறவுகளே! இந்த மண்ணுக்காக நாம் எத்தனை இழப்புகளைச் சந்தித்தோம், மறந்துவிட்டீர்களா? எழுபது ஆண்டுகளாக நாம் ஏமாற்றப்பட்டோம். எங்கள் காணிகள் பறிபோயின. எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டிய வேலைகள் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும். கடந்த காலத்தில் நாங்கள் கோடிக்கணக்கான ரூபாய் அபிவிருத்தியைக் கொண்டுவந்தோம். சில குறைபாடுகள் ஏற்பட்டிருக்கலாம். இந்த முறையாவது நீங்கள் ஒன்றுபட்டு வாக்களிக்காவிட்டால் நாளைய தலைமுறை உங்களை மன்னிக்காது. இந்த வீதி காபட் வீதியாக்கப்படும். இங்கே ஒரு தொழிற்சாலையை அமைக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

1. தொடங்குமுன் தேவையானவை

பேச்சின் முழு ஒலிப்பதிவு, ஒரு கோடிட்ட கொப்பி, மூன்று நிறப் பேனாக்கள், அரை நாள் அவகாசம், கூட ஒருவர். இவ்வளவும் போதும்.

முழு ஒலிப்பதிவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் வரும் நாற்பது விநாடித் துண்டை வைத்து வேலை தொடங்கவே வேண்டாம். ஒருமுறை அப்படி ஒரு துண்டை நம்பி, ஒரு வேட்பாளர் அயலூர் மக்களை இழிவாகப் பேசினார் என்று பலரிடம் சொல்லிவிட்டேன். முழுப் பேச்சும் பின்னர் கிடைத்தது. அவர் தன் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அதைக் கண்டித்திருந்தார். துண்டு வெட்டியவர் முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் எடுத்துவிட்டிருந்தார். சொன்னவர்களிடமெல்லாம் திரும்பப் போய்த் திருத்திச் சொல்ல இரண்டு வாரம் பிடித்தது. அப்படியும் எல்லோரையும் எட்ட முடியவில்லை.

கூட இருப்பவர் உங்களுக்கு வாக்கு விடயத்தில் உடன்படாதவராக இருக்கட்டும். இயலுமானால் வேறு சமூகத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு சொல் அவரைக் குத்தும். அந்த முகமாற்றத்தை நீங்கள் தனியே இருந்து காண முடியாது.

2. உங்களுக்குப் பிடித்தவரின் பேச்சை முதலில் எடுங்கள்

எல்லோரும் எதிர்த்தரப்புப் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் தந்திரங்களைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் அந்தத் தந்திரங்கள் உங்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உங்கள்மேல் வேலை செய்யும் பேச்சு எது என்று பாருங்கள். கேட்கும்போது எதற்குக் கண் கலங்குகிறது, எதற்குக் கை தானாகத் தட்டுகிறது? அந்தப் பேச்சில்தான் கற்க வேண்டியது இருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள் எல்லோரும் நல்ல வாதாடிகள் ஆனார்கள். நல்ல கேட்பாளர்களாக ஆனவர் அவர்களில் மிகக் குறைவு. அதனால் இந்த ஒரு நிபந்தனையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

3. எழுதாமல் ஒரு தடவை கேளுங்கள்

பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். மனம் அசையும் இடங்களில் நேரத்தை மட்டும் குறியுங்கள்: 4 நிமிடம் 10 விநாடி, கோபம், 7 நிமிடம், பெருமை, 11 நிமிடம், பயம். கூட்டம் கைதட்டிய இடங்களையும் விசிலடித்த இடங்களையும் அருகில் எழுதுங்கள்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? எழுத்தில் வந்தபின் பேச்சு ஆறிப்போகும். "இதற்கா நான் கலங்கினேன்?" என்று தோன்றும். அந்த நேரக்குறிப்பு இல்லாவிட்டால், எந்த இடத்தில் பிடிபட்டோம் என்பது பிறகு நினைவுக்கு வராது.

4. சொல்லுக்குச் சொல் எழுதி எடுங்கள்

இருபது நிமிடப் பேச்சை எழுத எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அலுப்பான வேலைதான். இதைச் சுருக்க நினைப்பவர்கள் பேச்சின் "கருத்தை" எழுதிக்கொண்டு வருவார்கள்: "காணிப் பிரச்சினை பற்றிப் பேசினார், வேலைவாய்ப்புத் தருவதாகச் சொன்னார்" என்று. அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அடுத்த மூன்று படிகளும் வினைச்சொல்லின் ஈற்றிலும் இடைச்சொற்களிலும் நடக்கும் வேலை. "தான்", "கூட", "ஆவது", "ஆம்" எல்லாம் அப்படியே தாளில் இருக்க வேண்டும்.

"இந்த முறையாவது நீங்கள் ஒன்றுபட்டு" என்பதில் உள்ள "ஆவது" என்ற இடைச்சொல்லைப் பாருங்கள். இதற்கு முந்திய ஒவ்வொரு முறையும் நீங்கள் தவறு செய்தீர்கள் என்ற குற்றச்சாட்டை அது உள்ளே வைத்திருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து மறுத்திருப்பார்.

5. நாம், நாங்கள், நீங்கள், அவர்கள்

முதல் நிறப் பேனாவால் இந்தச் சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். "நமது", "எங்கள்", "உங்கள்" ஆகியவையும் சேரும். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் அது யாரைக் குறிக்கிறது என்று ஆட்களாக எழுதுங்கள்.

தமிழுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். கேட்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். மேடைப் பேச்சாளர் இந்த வேறுபாட்டை நன்றாக அறிவார். மாதிரிப் பந்தியில் இழப்பைச் சந்தித்தது நாம். அபிவிருத்தியைக் கொண்டுவந்தது நாங்கள். ஒன்றுபடாமல் இருந்தது நீங்கள். துன்பத்தை எல்லோருக்கும் பொதுவாக்கி, பெருமையைக் கட்சிக்கு எடுத்துக்கொண்டு, பழியைக் கூட்டத்தின் தலையில் வைத்தாயிற்று. பத்து வாக்கியங்களுக்குள் இது நடந்து முடிந்துவிட்டது.

ஆனால் நமது பகுதிகளின் அன்றாடப் பேச்சில் "எங்கள்" என்பது கேட்பவரைச் சேர்த்தும் வரும், விட்டும் வரும். பேச்சாளர் அந்த நெகிழ்ச்சியைப் பயன்படுத்துவார். "எங்கள் காணிகள்" என்றபோது ஊரே அதற்குள் இருந்தது. இரண்டு வாக்கியம் தள்ளி "நாங்கள் கொண்டுவந்தோம்" என்றபோது கட்சி மட்டுமே மிஞ்சியது. கேட்டவர் இடையில் தான் இறக்கிவிடப்பட்டதை உணரவில்லை. ஆகவே இலக்கண விதியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு இடத்திலும் "இதில் நான் இருக்கிறேனா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் படியில் இளைஞர்கள் மிகவும் தடுமாறுவது "அவர்கள்" என்ற சொல்லில். மாதிரிப் பந்தியில் அந்தச் சொல்லே இல்லை. "வேலைகள் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும்" என்ற வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு குழுவில் இந்த வாக்கியத்தைக் கொடுத்து, யாருக்குப் போயின என்று தனித்தனியே தாளில் எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லோரும் பக்கத்து ஊரின் சமூகத்தையே எழுதினார்கள். இன்னொரு ஊரில், மற்றச் சமூகத்துப் பிள்ளைகளிடம் அதே வாக்கியத்தைக் கொடுத்தேன். அவர்கள் முதற் குழுவினரின் சமூகத்தை எழுதினார்கள். நியமனங்களை முடிவுசெய்யும் அமைச்சையோ, ஆட்சேர்ப்பை நிறுத்திவைத்த சுற்றறிக்கையையோ, தன் ஆட்களுக்குப் பட்டியல் கொடுத்த அரசியல்வாதியையோ இரு குழுவிலும் ஒருவரும் எழுதவில்லை.

ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒரு வீதியால் பிரிக்கப்பட்டிருக்கும் மாவட்டம் நமது. கல்முனையிலும் அப்படித்தான். இங்கே வெறுமையாக விடப்படும் "அவர்கள்" வெறுமையாக நிற்பதில்லை. கேட்பவர் தன் அயலவரை அதில் வைத்துவிடுகிறார். பேச்சாளர் மேல் வழக்குப் போட முடியாது, அவர் எவர் பெயரையும் சொல்லவில்லை. அதனால் அந்த வெற்றிடத்தைக் கண்டவுடன் குறைந்தது மூன்று வேறு விடைகளை எழுதிப் பாருங்கள். மூன்றாவது விடைக்கு வரும்போதுதான் அலுவலகங்களும் நிதி ஒதுக்கீடும் நினைவுக்கு வரும்.

6. செய்தவரைக் காணாத வினைகள்

இரண்டாம் நிறப் பேனா. "பட்டது", "போனது", "ஆனது", "ஏற்பட்டது" என்று முடியும் வினைகளின் கீழே கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் செய்தவர் தெரியும் வினையாக மாற்றி எழுதுங்கள். பறிபோயின, பறித்தார்கள். தடைப்பட்டது, தடுத்தார்கள். நின்றுபோனது, நிறுத்தினார்கள். கைநழுவியது, கைவிட்டார்கள். மாற்றியவுடன் "யார்?" என்ற கேள்வி தானாக எழும். விடை பேச்சில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதிரிப் பந்தியில் "சில குறைபாடுகள் ஏற்பட்டிருக்கலாம்" என்பது பேச்சாளரின் சொந்தத் தவறுக்கு வந்த வினை. "கொண்டுவந்தோம்" என்பது அவருடைய சாதனைக்கு வந்த வினை. ஒரே ஆள், இரண்டு இலக்கணம்.

இந்த மாவட்டங்களில் இது வெறும் இலக்கணப் பயிற்சி அல்ல. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அதன் பெயரில் "காணாமற்போன" என்ற சொல் இருக்கிறது. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்கிறார்கள். ஒரு வினையின் ஈற்றுக்காக அவர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறார்கள் என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். போனவர் தானாகப் போயிருக்கலாம். ஆக்கப்பட்டவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார், அவரைத் தேடத்தான் வேண்டும் என்றேன்.

"சம்பவம்" என்ற பெயர்ச்சொல்லும் இதே வேலையைச் செய்யும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் 158 பேரைக் கொண்டுசென்றார்கள், அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். ஒரு மேடையில் முதலாவது "வந்தாறுமூலைச் சம்பவம்" ஆகிறது, இன்னொரு மேடையில் இரண்டாவது "காத்தான்குடிச் சம்பவம்" ஆகிறது. எந்த மேடை எதைச் சம்பவம் என்கிறது, எதைப் படுகொலை என்கிறது என்று குறித்து வையுங்கள். தன் பக்கத்துக்கு ஒரு சொல்லும் மறுபக்கத்துக்கு இன்னொரு சொல்லும் வைத்திருப்பவரின் பேச்சை மிகுந்த கவனத்தோடு கேட்க வேண்டும்.

7. வாக்குறுதியின் வினைமுற்றை நிறுத்துப் பாருங்கள்

வாக்குறுதிகளைத் தனியே எடுத்து, வலுவான வினையிலிருந்து வலுவற்றதுக்கு அடுக்குங்கள்: "கட்டித் தருவேன்", "கட்டுவோம்", "கட்டப்படும்", "கட்ட நடவடிக்கை எடுக்கப்படும்", "கட்டுவது குறித்துக் கவனம் செலுத்தப்படும்". கடைசி இரண்டையும் ஒருபோதும் மீற முடியாது. ஒரு கடிதம் எழுதினாலே நடவடிக்கை எடுத்தாயிற்று.

திகதி, தொகை, பொறுப்பானவர், இடம் ஆகிய நான்கில் எத்தனை சொல்லப்பட்டன என்று ஓரத்தில் எண்ணிடுங்கள். மாதிரிப் பந்தியின் தொழிற்சாலைக்கு இடம் மட்டும் உண்டு.

8. எதிர்க்க முடியாத சொற்கள்

மூன்றாம் நிறப் பேனாவால், யாரும் மறுத்துப் பேச முடியாத சொற்களைக் கட்டமிடுங்கள். சோதிக்க ஒரு வழி: எதிர்ச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எதிர்ச்சொல்லை ஆதரித்து எவரும் நிற்க முடியாது என்றால், அந்தச் சொல் எந்தத் தகவலையும் தரவில்லை. உங்கள் வாயை மட்டும் அடைக்கிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மேடைகளில் ஒலித்தது "நஞ்சற்ற உணவு". நஞ்சை யார் கேட்பார்கள்? உரம் இல்லாமல் வயலில் நின்ற விவசாயி வாயைத் திறந்தால், நஞ்சுக்கு வக்காலத்து வாங்குபவர் ஆகிவிட்டார். தடையைக் கொண்டுவந்த கோட்டாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டுகள் என்று சொல்லியிருந்தது. தடை ஒரேயடியாக வந்தது. நவம்பரில் அது நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு சேதனப் பசளை வேண்டும், அது எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்த ஒரு சொல்லால் மாதக்கணக்காகப் பின்தள்ளப்பட்டது.

உருவகப் பெயர்களும் இப்படித்தான். கிழக்கிலும் வடக்கிலும் போர் ஓய்ந்தபின் வந்த பெருந்திட்டங்களுக்குக் "கிழக்கின் உதயம்", "வடக்கின் வசந்தம்" என்று பெயரிட்டார்கள். திட்டத்தைக் கணக்குக் கேட்கலாம், விடியலை எப்படிக் கணக்குக் கேட்பது? கொப்பியில் இத்தகைய பெயரை அடித்துவிட்டு, அங்கே கிலோமீற்றரையும் ரூபாயையும் எழுதுங்கள்.

கிழக்கில் நெடுங்காலமாக ஓடும் இணை ஒன்று இருக்கிறது: உரிமையா, அபிவிருத்தியா? ஒரு தரப்பு உரிமை என்று கேட்கும், மறுதரப்பு அபிவிருத்தி என்று கேட்கும், வாக்காளர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவர் ஆகிவிடுவார். இந்தக் கேள்வியே பிழையானது என்பது என் உறுதியான கருத்து. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராடத் தொடங்கிய பண்ணையாளர்களை நினைத்துப் பாருங்கள். மாடு மேயத் தரை வேண்டும் என்பது காணி உரிமையா, பால் உற்பத்தியா? இரண்டும் ஒரே மாட்டின் வயிற்றில்தான் இருக்கிறது. இரண்டாகப் பிரித்துக் கேட்பதால் நன்மை பெறுவது, இரண்டில் ஒன்றை மட்டும் செய்தாலே போதும் என்று இருக்கும் அரசியல்வாதி.

இப்படி "இதுவா, அதுவா" என்று வரும் கேள்வி ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இரண்டும் ஏன் கூடாது?" என்று எழுதுங்கள்.

9. இப்போதுதான் சரிபார்ப்பு

இவ்வளவும் முடிந்தபின், சரியா பிழையா என்று பார்க்கக்கூடிய வாக்கியங்கள் மட்டும் வெள்ளையாக மிஞ்சியிருக்கும். பெரும்பாலும் அவை நாலைந்துதான்.

முதலில் அதிகாரத்தைப் பாருங்கள். சொன்னதைச் செய்ய அந்தப் பதவிக்கு அதிகாரம் உண்டா? ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. மிஞ்சிய உள்வீதிகளில் பெரும்பாலானவை உள்ளூராட்சி சபைக்குரியவை. கல்முனை வழியாக மட்டக்களப்பு வரும் பிரதான வீதி ஏ4. அதை அகலிப்பேன் என்று ஒரு பிரதேச சபை வேட்பாளர் சொன்னால் மேலதிகமாக எதையும் தேட வேண்டியதில்லை. மாகாண சபை மூலம் செய்வேன் என்று ஒருவர் சொன்னால், கிழக்கு மாகாண சபைக்கு 2012இல் தேர்தல் நடந்தது, 2017இல் அதன் காலம் முடிந்தது, அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஆளுநரின் கீழ் இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. "ஆட்சியை நாமே தீர்மானிப்போம்" என்று கேட்டிருப்பீர்கள். பாராளுமன்றத்தில் மட்டக்களப்புக்கு 5, அம்பாறைக்கு 7, திருகோணமலைக்கு 4. கிழக்கு முழுவதும் சேர்த்து 225இல் 16 ஆசனங்கள். பெரிய கட்சிகள் இரண்டும் சமமாக நிற்கும்போது அந்தப் பதினாறில் சில முடிவைத் தீர்மானிக்கலாம். 2024 நவம்பர் தேர்தலைப்போல ஒரு கட்சி 159 ஆசனங்கள் எடுத்தால் தீர்மானிக்க ஒன்றும் இல்லை. "கோடிக்கணக்கான ரூபாய்" என்றால், எந்த ஆண்டு, எந்த நிதி, ஒதுக்கியதா செலவழித்ததா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவது, "நிபுணர்கள் சொல்கிறார்கள்" என்பது. கொவிட் காலத்தில் உடல்களை அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று சொல்லி, 2020 ஏப்ரலில், அடக்கம் செய்வதையே வழக்கமாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும் எரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2021 மார்ச்சில், ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எந்த நிபுணர், எந்தத் துறை, எந்த அறிக்கை என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சமூகப் பற்று முத்திரை குத்தினார்கள்.

அரச தகவலுக்கு, தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பிரதேச செயலகத்திலோ சபையிலோ உள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். "அபிவிருத்தி விபரம் தருக" என்று பொதுவாகக் கேட்பது வழமையான பிழை. இந்த வீதி, இந்த ஆண்டு, ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்தகாரர் என்று கேட்டால்தான் பதில் உருப்படியாக வரும். பாராளுமன்றத்தில் பேசியதாகச் சொன்னால், அங்கு பேசப்பட்டவற்றின் பதிவான ஹன்சாட்டைப் பாருங்கள்.

10. சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்

பேச்சு நடந்த ஊரின் ஐந்து பிரச்சினைகளைத் தனித் தாளில் எழுதுங்கள்: குடிநீர், யானை வேலி, நுண்கடன், ஆசிரியர் வெற்றிடம், வெள்ள வடிகால் என்று அந்த ஊருக்கு எது உண்மையோ அது. பேச்சில் வந்தவற்றை அடியுங்கள். மிஞ்சியது நீங்கள் கேட்காமல் விட்ட பேச்சு. இந்தப் பட்டியலை ஊர்ப் பெண்களைக் கொண்டு எழுதுவியுங்கள். ஆண்கள் மட்டும் எழுதிய பட்டியலில் நுண்கடன் வந்து நான் கண்டதில்லை.

11. இன்னொரு ஊர், இன்னொரு மொழி

அதே பேச்சாளர் அடுத்த ஊரில் பேசியதையும், இயலுமானால் சிங்களத்தில் பேசியதையும் எடுங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். மாறாமல் இருப்பது அவருடைய கொள்கை. மாறியது கூட்டத்துக்காகச் செய்யப்பட்டது. அம்பாறையில் இது இன்னும் அவசியம்: 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. ஒரு மொழியில் மட்டும் கேட்பவர் ஒரு பகுதியைத்தான் கேட்கிறார்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவில் நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கட்டி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பின்னர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. அத்தகைய மாத்திரை உலகில் இல்லவே இல்லை. ஒரு மாவுக் கட்டியை ஒரு கூட்டம் அப்படி நம்பியதற்குக் காரணம், சனத்தொகை பற்றிய பயத்தை ஆண்டுக்கணக்காகச் சிங்களத்தில் பேசிவந்த மேடைகளும் முகநூல் பக்கங்களும். தமிழில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த நமக்கு அந்தப் பேச்சின் கனம் தாக்குதலின் பின்தான் தெரிந்தது. சிங்களம் தெரிந்த ஒருவரை உங்கள் குழுவில் கட்டாயம் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

12. ஊரில் சொல்லும் முறை

கண்டுபிடித்ததைச் சொல்லும்போது பொய்யை முதலில் சொல்லாதீர்கள். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றும் என்பதை 1977இலேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். "தொழிற்சாலை வருகிறது என்கிறார், ஆனால்..." என்று தொடங்கினால் கேட்டவரின் மனதில் தொழிற்சாலைதான் தங்கும். "இந்த ஆண்டு நமது பிரதேசத்துக்கு ஒதுக்கியது இவ்வளவு, அதில் தொழிற்சாலைக்கு ஒன்றும் இல்லை" என்று தொடங்குங்கள். அவர்களுடைய துண்டு வீடியோவை மறுப்பதற்காகக்கூடப் பகிராதீர்கள்.

அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவரை முட்டாளாக்காதீர்கள். என் குழுவில் ஒரு தம்பி தன் மாமாவிடம், "நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்" என்று தொடங்கினான். மாமா அவனோடு அரசியல் பேசுவதையே நிறுத்திவிட்டார். அடுத்த முறை அவனிடம் கொப்பியைக் கொடுத்து, "மாமா, இந்த இடத்தில் 'நாங்கள்' என்று யாரைச் சொல்கிறார்?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பக்கத்தையும் வாசித்தாராம். காணி பறிபோன பின்னணியில் தனக்குத் தெரிந்த இரண்டு பெயர்களையும் அவரே சொல்லியிருக்கிறார்.

வாக்களிப்புக்கு முந்திய 48 மணி நேரத்தில் எதையும் வெளியிட வேண்டாம். அது பிரசாரம் ஓய வேண்டிய காலம். அப்போது வரும் எந்தத் தாளும் ஒரு கட்சியின் துண்டுப்பிரசுரமாகவே பார்க்கப்படும். கொப்பியை வாசிகசாலையில் பெயர், திகதி, ஊர் எழுதி வைத்துவிடுங்கள். ஓராண்டு கழித்து ஏழாம் படியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஒரு தகவல் கோரிக்கை எழுதத் தொடங்குங்கள்.